சாண்டி டென்னி: ஒரே பாட்டுக்கு இத்தனை பதிவுகளா? எது அசல்?

#1 கூழாங்கல்

வணக்கம். இந்தப் பகுதியில் இதுவரை வாசித்துக்கொண்டு மட்டுமே இருந்தேன். இழை தொடங்குவது இதுதான் முதல் முறை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் இரவுப் பணி முடிந்து வந்து, தூக்கம் பிடிக்காமல் கைபேசியில் எதையோ ஓடவிட்டுப் படுத்திருந்தேன். நான் போட்ட பாட்டு முடிந்தது. அதுவாகவே வேறொன்றுக்குத் தாவி, ஒரு பெண்குரல் வந்தது. ஆங்கிலப் பாட்டு. இரண்டு கிதார்கள். ஒன்று நிற்காமல் மெல்லச் சுண்டிக்கொண்டே இருக்கிறது. மற்றது, அவர் ஒரு வரியைப் பாடி நிறுத்தும் இடத்தில் மட்டும் வந்து ஏதோ பதில் சொல்லிவிட்டுப் போகிறது. மாலை வானத்தில் கிளம்பிப் போகும் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தியின் பாட்டு. எழுந்து உட்கார்ந்து பெயரைப் பார்த்தேன்: 'ஹூ நோஸ் வேர் த டைம் கோஸ்'. பாடியவர் சாண்டி டென்னி.

குழப்பம் அதற்குப் பிறகு. தேடினால் அதே பாட்டு, அதே பாடகி, நான்கைந்து பதிவுகள். ஒன்று நான்கு நிமிடம், ஒன்று ஐந்து நிமிடத்துக்கு மேல். ஒன்றில் குரல் பள்ளிப் பிள்ளையின் குரல்போல இருக்கிறது. ஒன்றில் கரகரப்பு ஏறி, முடிவில் கைத்தட்டல் கேட்கிறது. இவற்றில் எது அசல்? இவரைக் கேட்கத் தொடங்குகிறவன் எங்கே தொடங்க வேண்டும்?

#2 தாமதவண்டி

இது அமெரிக்கப் பாடகி ஜூடி காலின்ஸ் பாட்டு அல்லவா? 1968 தொகுப்பு, அட்டையிலேயே அந்தப் பெயர்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அப்பாவிடம் இருந்தது. நீங்கள் கேட்டவையெல்லாம் நகலாக இருக்கலாம்.

#3 பழைய ஊசி

தாமதவண்டி, பெயரைக் காப்பாற்றிவிட்டீர்கள்.

ஜூடி காலின்ஸ் பாடியது 1968-ல். உலகம் அந்தப் பாட்டை முதலில் அறிந்தது அவர் வழியாகத்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் எழுதியது சாண்டி. 1947-ல் விம்பிள்டனில் பிறந்தவர். செவிலியர் பயிற்சிக்குப் போனார், விட்டார், கலைக்கல்லூரியில் சேர்ந்தார், மாலையானால் லண்டன் நாட்டுப்பாடல் மன்றங்களில் கிதாரோடு ஏறிப் பாடினார். பாட்டை எழுதும்போது வயது இருபதை ஒட்டி. முதலில் வைத்த தலைப்பு 'த பேலட் ஆஃப் டைம்'. நல்ல வேளை, மாற்றினார்.

கூழாங்கல், உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பார்த்த பதிவுகளை வரிசைப்படுத்தினால் இப்படி வரும்.

முதலில், 1967-ல் அவரும் கிதாரும் மட்டுமாகப் பதிந்த டெமோ. யாருக்காவது கேட்கக் கொடுப்பதற்காகச் செய்தது. அதே ஆண்டு ஸ்ட்ராப்ஸ் குழுவோடு கோபன்ஹேகனுக்குப் போய் ஒரு முழுத் தொகுப்பே பதிவு செய்தார். உங்கள் நான்கு நிமிடப் பதிவு அதுதான். அந்தத் தொகுப்பு கிடப்பில் போடப்பட்டு, 1973-ல், அவர் பெயர் பெற்ற பிறகு, மலிவு விலைத் தட்டாக வெளிவந்தது. மூன்றாவது, நீங்கள் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்த பதிவு: ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவோடு பாடி, 1969 ஜூலையில் 'அன்ஹாஃப்பிரிக்கிங்' தட்டில் வந்தது. பதில் சொல்லும் அந்தக் கிதார் ரிச்சர்ட் தாம்சனுடையது. அப்போது அவருக்கு இருபது வயது. இருபது வயதில் நான் சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூட ஒழுங்காகக் கற்றிருக்கவில்லை. கைத்தட்டலோடு வருவது 1977 நவம்பர் 27, லண்டன் ராயல்டி அரங்கம். அவருடைய கடைசிச் சுற்றுப்பயணத்தின் முடிவுக் கச்சேரி. அடுத்த ஏப்ரலில் போய்விட்டார். வயது 31.

1969 பதிவைப் பற்றி இன்னொன்று. அதில் டிரம்ஸ் இருப்பது முதல்முறை கேட்கிறவருக்குத் தெரியவே தெரியாது. அவ்வளவு அடக்கம். வாசித்தவர் மார்ட்டின் லாம்பிள், வயது 19. பதிவு முடிந்து தட்டு இன்னும் கடைக்கு வராத நிலையில், மே 12 அதிகாலை, பர்மிங்காமில் கச்சேரி முடித்துத் திரும்பும்போது எம்1 நெடுஞ்சாலையில் குழுவின் வேன் கவிழ்ந்தது. லாம்பிளும், தாம்சனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்தார்கள். சாண்டி அந்த வேனில் வரவில்லை. காலம் எங்கே போகிறது என்று கேட்கும் பாட்டுக்கு அந்தப் பையன் தாளம் பிடித்திருக்கிறான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஹெட்போன் போட்டு, குரலை விட்டுவிட்டு, டிரம்ஸை மட்டும் ஒருமுறை கேளுங்கள்.

#4 தாமதவண்டி

தவறை ஒப்புக்கொள்கிறேன். அப்பாவின் தட்டை எடுத்துப் பார்த்தேன், எழுதியவர் பெயர் 'டென்னி' என்று பொடி எழுத்தில் இருக்கிறது. முப்பது வருடமாக வீட்டிலேயே இருந்திருக்கிறது.

#5 மெர்டன் வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் இருப்பது லண்டன், மெர்டன் பகுதி. விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போய் வருகிற ஆட்களில் ஒருவன். சாண்டி டென்னி எங்கள் ஊர்க்காரர் என்பது இங்கு வந்து பதினைந்து ஆண்டுகள் கழிந்தே எனக்குத் தெரிந்தது.

'அன்ஹாஃப்பிரிக்கிங்' அட்டையைப் பாருங்கள். முன்னால் நிற்கும் வயதான தம்பதி யார் என்று நினைக்கிறீர்கள்? சாண்டியின் அப்பா நீல், அம்மா எட்னா. விம்பிள்டன் ஆர்தர் சாலையில், தங்கள் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். பின்னால் செயின்ட் மேரி தேவாலயக் கோபுரம். குழுவினர் எங்கே என்று தேடினால், வேலி மரச்சட்டங்களின் இடைவெளி வழியாக, தோட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பது தெரியும். பிரித்தானிய அட்டையில் தட்டின் பெயரும் இல்லை, குழுவின் பெயரும் இல்லை. அமெரிக்காவில் இது விற்காது என்று நினைத்தார்களோ என்னவோ, சர்க்கஸ் யானைப் படத்தைப் போட்டு வெளியிட்டார்கள். தலைப்புக்கு அர்த்தம் தேடி அகராதியைப் புரட்ட வேண்டாம். எழுத்தெழுத்தாகச் சொல் கட்டும் ஒரு விளையாட்டில் சாண்டி உண்டாக்கிய சொல் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாக நடந்து அந்தச் சாலைக்குப் போனேன். அட்டையை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தேன். கோபுரத்தை அடையாளம் வைத்து, முன்னே இரண்டடி, பின்னே இரண்டடி என்று நகர்ந்து, படம் எடுத்தவர் எங்கே நின்றிருப்பார் என்று கண்டுபிடித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து நாயோடு வந்த ஒரு முதியவர், எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். அட்டையைக் காட்டினேன். சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் போங்கள் என்றார்.

வீட்டு இலக்கத்தைக் கேட்காதீர்கள். இப்போது அங்கே வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

#6 கூழாங்கல்

நன்றி. நேற்றிலிருந்து டிரம்ஸை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பழைய ஊசி ஐயா ஒரு பாட்டையே எனக்குப் புதிதாக்கிவிட்டார்.

அடுத்த சந்தேகம். தனியாகப் போட்ட தட்டுகளையும் கேட்கத் தொடங்கினேன். 1974-ல் வந்த 'லைக் ஆன் ஓல்ட் ஃபேஷன்ட் வால்ட்ஸ்' தட்டில் நுழைந்ததும் வயலின் கூட்டம். குரல் எங்கோ திரைக்குப் பின்னால் இருப்பதுபோல் தோன்றியது. எனக்கு மட்டுமா?

#7 பழைய ஊசி

உங்களுக்கு மட்டுமல்ல. ஐம்பது வருடமாகப் பலரும் சொல்லும் புகார் இது, நானும் சொல்கிறேன். அந்தக் குரலுக்கு வெல்வெட் திரைச்சீலை தேவையில்லை.

ஒப்பிடச் சில பதிவுகள் சொல்கிறேன். 'அன்ஹாஃப்பிரிக்கிங்' தட்டிலேயே 'எ செய்லர்ஸ் லைஃப்' இருக்கிறது. மரபுப் பாட்டு, காதலனைத் தேடிப் படகேறும் பெண்ணின் கதை, பதினோரு நிமிடம். விருந்தாளியாக வயலினோடு வந்த டேவ் ஸ்வார்ப்ரிக்கையும் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் பதிந்தார்கள். ஒட்டு இல்லை, வெட்டு இல்லை. சாண்டி பாடி முடித்து ஒதுங்கியதும் கிதாரும் வயலினும் கடலாகிவிடும். இங்கிலாந்தில் மின்கிதார் வைத்து நாட்டுப்பாடல் பாடும் வழியைத் திறந்தவற்றில் இந்தப் பதிவும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் 'லீஜ் அண்ட் லீஃப்'. அதில் 'மேட்டி குரோவ்ஸ்', 'டாம் லின்' என்று பல நூற்றாண்டுப் பழைய கதைப்பாடல்கள். கொலையும் மாயமும் நிறைந்த கதைகளை, பக்கத்து வீட்டுச் செய்தியைச் சொல்வதுபோல் பதறாமல் சொல்லிக்கொண்டு போவார். மேட்டி குரோவ்ஸில் கணவன் வாளை எடுக்கும் இடத்திலும் குரல் நடுங்காது. நடுங்க வேண்டியவர்கள் நாம்.

தட்டு வெளிவருவதற்குள் அவர் குழுவை விட்டு விலகிவிட்டார். ஃபாதரிங்கே என்று சொந்தக் குழு. அதுவும் ஒரே தட்டோடு கலைந்தது. அதற்குப் பிறகு தனித்தட்டுகள், நரம்பிசைக் குழு, கூடவே பித்தளை வாத்தியங்கள். 1972 'சாண்டி' தட்டில் நியூ ஆர்லியன்ஸ் இசைக்கலைஞர் ஆலன் டூசான்டை வைத்துப் பித்தளை இசை எழுதி வாங்கியிருக்கிறார்கள். விம்பிள்டன் பெண்ணுக்கு எதற்கு நியூ ஆர்லியன்ஸ்?

அதனால் என் ஆலோசனை: டெமோக்களைத் தேடுங்கள். அசல் சாண்டி அங்கேதான் இருக்கிறார். மிச்சமெல்லாம் தயாரிப்பாளர் போட்ட நகை.

#8 வயலின் வேம்பு

இந்தக் கடைசிப் பத்திக்காகவே உள்நுழைந்தேன்.

ஊசி ஐயா, நீங்கள் குறை சொல்லும் அந்த நரம்பிசையை எழுதியவர் ஹாரி ராபின்சன். 1969-ல் பாடகர் நிக் டிரேக்கின் 'ரிவர் மேன்' பாட்டுக்கு நரம்பிசை எழுதியவரும் அவரே. அந்தப் பாட்டைப் பற்றி இதே மன்றத்தில் நீங்கள் உருகி உருகி எழுதிய பதிவு எனக்கு நினைவிருக்கிறது. அதே மனிதர், அதே பேனா, அங்கே அமுதம், இங்கே நஞ்சா?

இரண்டாவது, தயாரிப்பாளர் நகை போட்டார் என்பது. 'வால்ட்ஸ்' தட்டில் சாண்டி எழுதாத இரண்டு பாட்டுகள் இருக்கின்றன, 'விஸ்பரிங் கிராஸ்' அவற்றில் ஒன்று. இங்க் ஸ்பாட்ஸ் என்ற பாடகர் குழுவின் காலத்து அமெரிக்கப் பாட்டுகள். அவர் குழந்தையாக இருந்தபோது வீட்டில் ஒலித்த வகை. நாட்டுப்பாடல் மன்றத்தில் மதிப்பெண் வாங்கித் தரும் பாட்டுகள் அல்ல அவை. ஆசைப்பட்டுப் பாடியிருக்கிறார். ஒரு பெண் மரக்கிதாரோடு மூலையில் உட்கார்ந்து பாடினால் 'அசல்', முப்பது பேர் வாசிக்க நடுவில் நின்று பாட ஆசைப்பட்டால் யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. லெட் செப்பலின் ராக் குழு 1971-ல் 'த பேட்டில் ஆஃப் எவர்மோர்' பாடுவதற்கு அழைத்தபோது அதன் பாடகர் ராபர்ட் பிளான்ட்டுக்கு எதிர்நின்று பாடியவர் இவர். அந்தக் குழுவின் தட்டுகளில் வெளியாள் பாடியது அந்த ஒரே முறைதான். மூலையில் உட்காரும் குரலா அது?

#9 தாமதவண்டி

வேம்பு அக்கா, நீங்கள் வயலின் படித்தவர். இவர் பாடுவதில் கமகம் மாதிரி ஏதோ கேட்கிறதே, அது என்ன? எந்த ராகத்துக்குப் பக்கத்தில் வரும்?

#10 வயலின் வேம்பு

தயவுசெய்து ராகம் கண்டுபிடிக்கத் தொடங்காதீர்கள், இழை நாசமாகிவிடும்.

கமகம் இல்லை. சுரத்தை அசைப்பதில்லை. ஒரு சுரத்துக்கு வந்து சேருமுன் பக்கத்துப் படியில் நுனிக்காலை வைத்துவிட்டு வருகிறார், அவ்வளவுதான். அயர்லாந்து, இங்கிலாந்து மரபுப் பாடகர்களிடம் உள்ள பழக்கம். இவர் அதை மிகச் சிக்கனமாகச் செய்கிறார். ஃபாதரிங்கே குழுவின் 1970 தட்டில் 'பேங்க்ஸ் ஆஃப் த நைல்' கேளுங்கள், எட்டு நிமிடம். போருக்குப் போகிறவனிடம், ஆண் வேடம் போட்டு நானும் வருகிறேன் என்று கெஞ்சும் பெண். வேறு யாராக இருந்தாலும் கெஞ்சும் வரியில் குரலை உயர்த்துவார்கள். இவர் அங்கே தணித்துவிடுகிறார். காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அந்த ஒரு பாட்டை நான் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுவதுண்டு.

#11 பழைய ஊசி

'பேங்க்ஸ் ஆஃப் த நைல்' பற்றி ஒரு சொல்கூட மறுக்க மாட்டேன். அவர் பாடியவற்றிலேயே உச்சம் அதுதான். கவனியுங்கள், அதில் நரம்பிசைக் குழு இல்லை.

'ரிவர் மேன்' விஷயத்தில் என்னை மடக்கிவிட்டீர்கள். ஆனால் அங்கே நரம்பிசை பாட்டுக்கு எதிரே நிற்கிறது, பயமுறுத்துகிறது. 'வால்ட்ஸ்' தட்டில் பாட்டு போகும் திசையிலேயே கூடவே போகிறது. அவர் சோகம் என்றால் வயலினும் சோகம். ஒரே செய்தியை இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்து சொல்வதுபோல.

நிரூபணம் வேண்டுமானால் அதே தட்டின் 2005 மறுவெளியீட்டு சி.டி.யை எடுங்கள். 'அட் த எண்ட் ஆஃப் த டே', 'நோ எண்ட்' இரண்டையும் நரம்பிசை இல்லாமல் கொடுத்திருக்கிறார்கள். கூழாங்கல், இரண்டு விதமாகவும் கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

#12 மட்டுறுத்துநர்

நண்பர்களே, விவாதம் நன்றாகப் போகிறது. ஒரு சிறு வேண்டுகோள். அவருடைய கடைசி ஆண்டுகளின் குடிப்பழக்கம், குடும்பச் சிக்கல் பற்றிய ஊகங்களாக எழுதப்பட்டிருந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இசைப்பதிவுகளைப் பற்றிப் பேசுவோம்.

#13 மெர்டன் வாசி

நீக்கியது நல்ல காரியம். அந்த வழியில் போனால் பாட்டு ஒன்றும் மிஞ்சாது.

டெமோ, வானொலிப் பதிவுகளைத் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிபிசிக்காக அவர் பாடியவற்றில் பல, நாடாவை மறுபடி பயன்படுத்துவதற்காக அழிக்கப்பட்டுவிட்டன. அந்தக் காலத்தில் அது அங்கே வழமை. மிஞ்சியவற்றில் சில, யாரோ ஒரு நேயர் தன் வீட்டு வானொலியிலிருந்து நாடாவில் பிடித்து வைத்திருந்ததால் மட்டுமே இன்று இருக்கின்றன. 2007-ல் 'லைவ் அட் த பிபிசி' பெட்டி வந்தபோது வாங்கினேன். மூன்று இறுவட்டு, ஒரு டிவிடி. சில பாட்டுகளில் இரைச்சல் பின்னால் மழைபோலக் கொட்டும். டிவிடியில் 1971 தொலைக்காட்சிப் பதிவு, மூன்று பாட்டுகள். அவர் பாடுவதைப் படமாகப் பார்க்கக் கிடைப்பது மிகக் குறைவு என்பதால் அந்த மூன்றையும் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. 'லேட் நவம்பர்' பியானோவில் உட்கார்ந்து பாடுகிறார்.

2010-ல் 19 இறுவட்டுகள் கொண்ட பெரும் பெட்டி வந்தது. அதன் விலையைப் பார்த்து மனைவி கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. வாங்கவில்லை. 2016-ல் தனிக்கிதார், தனிப்பியானோப் பதிவுகளை மட்டும் திரட்டி இரண்டு இறுவட்டுகளாக 'ஐவ் ஆல்வேஸ் கெப்ட் எ யூனிகார்ன்' வந்தது. ஊசி ஐயா சொல்லும் சாண்டியைத் தேடுகிறவர்களுக்கு அதுவே போதும்.

#14 வயலின் வேம்பு

மெர்டன் வாசி சொன்னதையே பிடித்துக்கொள்கிறேன். 2016-ல் திரட்டினார்கள். யார்? தொகுப்பாளர்கள். ஊசி ஐயாவின் 'அசல் சாண்டி' என்பவர், அவர் போய் 38 வருடம் கழித்து, நம் காலத்து ரசனைக்கு ஏற்பப் பொறுக்கி எடுத்து அடுக்கப்பட்டவர். அவர் உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் டெமோக்களைத் தட்டாக வெளியிடவில்லை. அவை நமக்காகப் பாடப்பட்டவை அல்ல. குழுவினருக்கு, பாட்டு இப்படிப் போகும் என்று காட்டுவதற்காகப் பாடியவை. கோலம் போடுமுன் வைத்த புள்ளிகளைப் பார்த்து, இதுவே அழகு, கோடு எதற்கு இழுத்தாய் என்று கேட்பதுபோல் இருக்கிறது.

அழகு இல்லை என்று சொல்லவில்லை. 'பை த டைம் இட் கெட்ஸ் டார்க்' டெமோவாக மட்டுமே இருக்கிறது. அதை நான் பொக்கிஷமாக வைத்திருக்கிறேன். ஆனால் கேட்கும்போது அடுத்த அறையில் நின்று ஒட்டுக்கேட்கிற கூச்சம் இருக்கத்தான் செய்கிறது.

#15 பழைய ஊசி

புள்ளிக்கோலம் உவமை உறுத்துகிறது. யோசிக்கிறேன்.

அதற்குள் ஒரு எதிர்க்கேள்வி. கோடு இழுத்தவர் அவரேயானால் சரி. வேறொருவர் இழுத்தால்? ஃபாதரிங்கே குழு 1971 ஜனவரியில், இரண்டாம் தட்டின் பாதியில் கலைந்தது. நாடாக்கள் கிடந்தன. 2008-ல் ஜெர்ரி டோனஹ்யூவும் மிஞ்சியிருந்த தோழர்களும் இடைவெளிகளை நிரப்பி 'ஃபாதரிங்கே 2' என்று வெளியிட்டார்கள். ராயல்டி அரங்கக் கச்சேரி இன்னும் மோசம். நாடாவில் கிதார் பகுதி பழுதாகிவிட்டது என்று சொல்லி, 1998-ல் 'கோல்ட் டஸ்ட்' என்று வெளியிடும்போது அதே டோனஹ்யூவை வைத்துப் புதிதாக வாசித்துச் சேர்த்தார்கள். அன்று இரவு மேடையில் கிதார் வாசித்தவர் வேறு ஆள். பாடகி 1977-ல் நிற்கிறார், கிதார் 1998-ல் நிற்கிறது. கைத்தட்டல் யாருக்கு?

#16 கூழாங்கல்

அப்படியென்றால் நான் கேட்ட அந்தக் கைத்தட்டல் பதிவு...

#17 பழைய ஊசி

அதே. கடைசிப் பாட்டாக அதைத்தான் பாடினார்.

#18 மெர்டன் வாசி

டோனஹ்யூ வெளியாள் இல்லை, 1970-லிருந்து அவரோடு வாசித்தவர். அவர் வாசிக்காவிட்டால் அந்தக் கச்சேரி இன்னும் அலமாரியில் கிடந்திருக்கும். எனக்கு அது இல்லாமல் இருப்பதைவிட ஒட்டுப்போட்டு இருப்பது மேல். அதில் குரல் பழைய குரல் இல்லைதான். மேலே போகும்போது உடைகிறது. ஆனால் 'சோலோ' என்ற பாட்டைப் பாடும்போது அந்த உடைசலையும் சேர்த்துத்தான் பாட்டு.

#19 வயலின் வேம்பு

இதில் நான் ஊசி ஐயா பக்கம், ஆச்சரியப்படாதீர்கள். அட்டையில் தெளிவாகச் சொல்லிவிட்டு எதை வேண்டுமானாலும் சேர்க்கட்டும். 'அரங்கில் பதிவானது' என்று மட்டும் போட்டால் அது பாதி உண்மை.

ஆனால் தன் கையாலேயே குரலை அடுக்கி அவர் கட்டிய ஒன்றையும் கேளுங்கள். 1972 'சாண்டி' தட்டில் 'த குவைட் ஜாய்ஸ் ஆஃப் பிரதர்ஹுட்'. சொற்கள் ரிச்சர்ட் ஃபரீனியா எழுதியவை, மெட்டு பழைய ஐரிஷ் மெட்டு. தன் குரலையே ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து ஒரு பெண்கள் கூட்டமாக்கிவிட்டார். பல்கேரியப் பெண்கள் பாடகர் குழுவைக் கேட்டவர்களுக்கு அந்த நெருக்கமான சுருதி மோதல் புரியும். வாத்தியம் எதுவும் இல்லை, கடைசியில் ஸ்வார்ப்ரிக்கின் வயலின் மட்டும் வருகிறது. அது டெமோவா, ஜோடனையா? உங்கள் இரண்டு டப்பாவிலும் அடங்காது ஐயா.

ஒரு பந்தயம். 1977-ல் வந்த 'ரான்டேவூ' தட்டை நீங்கள் எத்தனை முறை முழுதாகக் கேட்டிருக்கிறீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

#20 பழைய ஊசி

ஒரு முறை. எல்டன் ஜான் பாட்டைப் பாடியிருக்கிறார் என்று கோபம் வந்து எடுத்துவைத்துவிட்டேன். 'கேண்டில் இன் த விண்ட்' இவர் பாட வேண்டிய பாட்டா?

#21 வயலின் வேம்பு

அந்தப் பாட்டைத் தாண்டிப் போங்கள். 'ஆல் அவர் டேஸ்', 'ஐ'ம் எ டிரீமர்' இரண்டையும் இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். முழு வாத்தியக்குழு, அதே ஹாரி ராபின்சன். கேட்டுவிட்டு வந்து திட்டுங்கள்.

#22 மெர்டன் வாசி

வேலை முடிந்து வரும் வழியில் இன்று பட்னி வேல் மயானத்துக்குப் போய் வந்தேன். பெருஞ்சாலையோரம் ஒரு பெரிய அங்காடிக்குப் பக்கத்தில் வாசல். உள்ளே நுழைந்து நூறு அடி நடந்தால் வாகன இரைச்சல் அடங்கிவிடும். சாதாரணக் கல். 'த லேடி' என்று மேலே, பிறகு முழுப்பெயர், அலெக்ஸாண்ட்ரா எலீன் மெக்லீன் லூகஸ். அடைப்புக்குறிக்குள் தான் சாண்டி டென்னி. 6.1.47 – 21.4.78. 'த லேடி' என்பது 'சாண்டி' தட்டில் அவர் எழுதிய பாட்டின் பெயரும்கூட.

கிதார் தந்தியைச் சுண்டப் பயன்படும் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை யாரோ கல்லின் விளிம்பில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மழையில் வெளுத்து, என்ன நிறம் என்று சொல்ல முடியாதபடி இருந்தது.

#23 கூழாங்கல்

தீர்ப்பு கேட்டிருந்தீர்கள். 'நோ எண்ட்' இரண்டு விதமாகவும் கேட்டேன். நரம்பிசை இல்லாதது முதல் தடவை நெஞ்சைப் பிடித்தது. பிறகு இரண்டு நாள் விட்டு, நரம்பிசை உள்ளதைப் பேருந்தில் கேட்டேன், ஜன்னலோரம். அது வேறு பாட்டாக இருந்தது. முதலாவதில் அவர் என்னிடம் சொல்கிறார். இரண்டாவதில் நான் இருப்பதே அவருக்குத் தெரியாது. எனக்கு இரண்டும் வேண்டும். தீர்ப்பு சொல்லத் தெரியவில்லை என்று இருவரும் திட்டலாம்.

#24 பழைய ஊசி

வேம்பு அம்மையாருக்கு.

விளக்கை அணைத்தேன். 'ஐ'ம் எ டிரீமர்' கேட்டேன். வயலின்கள் மேலே ஏறும் இடத்தில் அவர் அவற்றைவிட ஒரு படி பிந்தி, அவசரமே இல்லாமல் ஏறுகிறார். வாத்தியக்குழு அவருக்காகக் காத்து நிற்கிறது. மறுபடி போட்டேன். மறுபடியும்.

'ஆல் அவர் டேஸ்' அதிகப்படி என்றுதான் இப்போதும் சொல்வேன். 'கேண்டில் இன் த விண்ட்' பற்றி என் கருத்தில் மாற்றமில்லை.

#25 வயலின் வேம்பு

மூன்று முறை என்று எண்ணிக்கொண்டேன்.

#26 கூழாங்கல்

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நேற்று சமையலறையில் 1969 பதிவை ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், ஆங்கிலம் தெரியாது. பாட்டு பாதியில் இருக்கும்போது, "இந்தப் பெண்ணுக்கு யாராவது ஊருக்குப் போய்விட்டார்களா?" என்று கேட்டார். பறவைகள் போய்விட்டன என்றேன். "அதுதான்" என்று சொல்லிவிட்டுக் கீரையைத் தொடர்ந்தார்.

#27 தாமதவண்டி

அம்மாவை உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். அடுத்த இழைக்கு ஆள் தேவைப்படும்: நீனா சிமோனும் இதே பாட்டை மேடையில் பாடிப் பதிவு செய்திருக்கிறார். அதைப் பற்றி ஊசி ஐயா இன்னும் வாயே திறக்கவில்லை.